மைதா இல்லாத இடம்

அத்தியாயம் 11

“வலைக் கொட்டாயை எனக்குக் குடு நைனா.”

கேட்டேவிட்டாள்.

அந்த வீட்டில் அர்ச்சனா எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காலேஜுக்குப் போகணும் என்றாள், அனுப்பினார்கள். வந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள், முணுமுணுத்துக்கொண்டே விட்டார்கள். வலைக் கொட்டகை மட்டும் கூடாது. அவள் வயசுக்கு வந்த பதினாறாம் நாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அம்மா அமுதவல்லி சொல்லியிருந்தாள்: “இன்னா வேணா கேளு. அந்தக் கொட்டா பக்கம் மட்டும் காலும் போவக் கூடாது, வாயும் போவக் கூடாது.”

பெரிய பெண் கால் பட்டால் வலையில் மீன் ஏறாது. யார் எழுதி வைத்த சட்டம் என்று கேட்டால் ஏரியைக் காட்டுவார்கள். ஏரி பதில் சொல்லாது. எல்லாருக்கும் வசதி.

அப்பா தேசப்பன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோர்த்துக்கொண்டிருந்தார். இன்று அவர்கள் பாடு இல்லை. ஏரியில் எந்த நாள் எந்தக் குடும்பம் வலை போடலாம் என்று குப்பம் கூடிப் பிரித்து வைத்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத நாளில் ஆண்கள் வலையோடு கரையில்தான் கிடப்பார்கள்.

அவர் கையில் ஊசி நின்றது.

“இன்னா கேட்ட?”

“கொட்டா. சத்யாவுக்குச் செஞ்சு குடுக்க. இந்த வூட்ல மைதா படாத எடம் அது ஒண்ணுதான்.”

பக்கத்தில் படகு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் ராகுல் சிரித்தான். “போச்சுடா. அப்ப வலைய எங்க வெக்கிறது? உன் டிகிரி சர்ட்டிபிகேட் மேலயா?”

“அதையாவது ஈரம் படாம வச்சிருக்கேன். உன் பத்தாவது மார்க் ஷீட் எங்கண்ணா? நண்டு கட்டிக் குடுத்துட்டியா?”

“யோவ் நைனா, பாத்தியா?”

தேசப்பன் மகனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. “வலை இருக்கிற எடத்துல அடுப்பு மூட்டுவாங்களா? போ. பனியில நிக்காத,” என்றார். ஊசி மறுபடி நகர்ந்தது.

மார்கழிப் பனி ஏரியின் மேல் சலித்த அரிசி மாவு போல நின்றிருந்தது. அக்கரை எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் காலில்லாமல் மிதந்தன.

*

சத்யாவின் நோய்க்குப் பெயர் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது.

ஒன்பது வயசு, வீட்டுக்குக் கடைக்குட்டி. இரண்டு வருடமாக வயிற்று வலி. வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துப் போனாள். பூச்சி என்றார்கள், திருஷ்டி என்றார்கள், பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் செய்யும் தந்திரம் என்றும் சொன்னார்கள். சென்னை டாக்டர் ரத்தம் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சீலியாக் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசை இவள் குடலை அறுக்கிறது. கோதுமை, ரவை, மைதா, ஒரு துளியும் ஆகாது. உயிர் உள்ளவரை ஆகாது.

குளூட்டன் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண் கேள்வி. உணவியல் படித்த அர்ச்சனா பதில் எழுதி இரண்டையும் வாங்கியிருந்தாள். அதே மாதம் வீட்டில் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். படிப்பு பொன்னேரியில் இருந்தது, தங்கச்சி குப்பத்தில் இருந்தாள். நடுவில் பஸ் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

அந்த வெட்கம்தான் இப்போது கோபமாக அலைகிறது.

கோபத்தைக் காட்ட இடமா இல்லை? வீட்டு முன்பக்கமே அமுதவல்லியின் பரோட்டாக் கடைதான். பதினைந்து வருடமாகத் தினமும் அங்கே மைதா பிசையப்படுகிறது, அடிக்கப்படுகிறது, வீசப்படுகிறது. மாவு டிவி மேல் இருக்கும், காலண்டர் சாமி மேல் இருக்கும், அம்மாவின் இமையில் இருக்கும். அந்த மாவுதான் அர்ச்சனாவைப் படிக்க வைத்தது. அந்த மாவுதான் சத்யாவைத் தின்கிறது. இரண்டும் ஒரே மாவு என்பதை எந்தப் பாத்திரத்தில் போட்டுப் பிரிப்பது?

மூன்று வாரமாகத் தனித் தட்டு, தனிச் சட்டி, தனி உப்பு டப்பா. ஆனாலும் வலி விடவில்லை. காற்றில் பறக்கும் மைதாதான் காரணம் என்று அர்ச்சனா முடிவுகட்டியிருந்தாள். அதனால்தான் அவளுக்கு அந்தக் கொட்டகை வேண்டியிருந்தது.

போனில் அம்பிகாவின் செய்தி நேற்றிலிருந்து காத்திருந்தது. கூடப் படித்தவள், பொன்னேரியில் வீடு. ‘மாடி ரூம் காலி. கோதுமையே நுழையாத ரூம். ரெண்டு பேரும் சேர்ந்து அரிசி ரொட்டி போடலாம், சென்னையில கேக்கறாங்க. பதில் சொல்லுடி.’

அர்ச்சனா இன்னும் பதில் சொல்லவில்லை.

*

கொட்டகை கிடைக்காவிட்டால் என்ன, பின்பக்கம் பூவரச மரம் இருக்கிறதே. மரத்தடியில் பழைய மேஜையைப் போட்டு, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, தன் சின்ன மின்சார அடுப்பை வைத்தாள். தண்ணீர் கேன் அளவுகூட இல்லாத பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு.

மாவை மில்லில் அரைக்க முடியாது. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். அதனால் பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, புது மிக்சியில் பொடித்து, புதுச் சல்லடையில் மூன்று முறை சலித்திருந்தாள். அதோடு கொஞ்சம் கேழ்வரகு. இழுவைக்கு ஜவ்வரிசிப் பொடி.

இவ்வளவும் போட்டும் போன வாரம் வரை பன் என்று எடுத்தது எல்லாம் கையில் தொட்டதும் கடற்கரை மணலாக உதிர்ந்தது. அரிசிக்குப் பசை கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளத் தெரியாத குடும்பம் மாதிரி. பிடித்து வைக்க இசப்கோல் வேண்டும், மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கிற உமி. அதை வாங்க மெடிக்கலுக்குப் போனபோது கடைக்காரர் அனுதாபத்தோடு கேட்டார்: “எத்தினி நாளா போவல?”

அந்தக் கதையைக் கேட்டு ராகுல் இரண்டு நாள் சிரித்தான்.

இன்று மாவு கையில் ஒட்டியது. இழுத்தால் கொஞ்சம் வந்தது, விட்டால் கொஞ்சம் திரும்பியது. உயிருள்ள பொருள் மாதிரி இருந்தது. தட்டை அடுப்பில் வைத்துவிட்டு அர்ச்சனா கண்ணாடி முன் குந்தினாள். உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஆறு உருண்டைகள் தூங்குகிற குழந்தைகளின் வயிறு போல மெல்ல ஏறின.

விடியற்காலையில் கண்ட கனவு ஞாபகம் வந்தது. ஏரி முழுக்கத் தண்ணீர் இல்லை, மாவு. வெள்ளை வெளேர் என்று, மெத்தையாக. சத்யா அதில் முழங்கால் வரை நடந்து போகிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. அது எந்த மாவு என்று தெரியவில்லை. அரிசியா, மைதாவா? குனிந்து நாக்கில் வைத்துப் பார்க்கப் போகும்போது விழிப்பு வந்துவிட்டது.

“அர்ச்சனாக்கா, வேவுதா?”

சத்யா சீருடையில் வந்து நின்றாள். இன்றோடு அரையாண்டுப் பரீட்சை முடிகிறது.

அர்ச்சனா ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். பிய்ந்தது. உதிரவில்லை, நூல் நூலாகப் பிய்ந்தது. சத்யா மென்றாள், நிறுத்தினாள், மறுபடி மென்றாள்.

“இன்னாடி? சொல்லு.”

“கடையில துன்றா மாதிரியே கீதுக்கா.”

அர்ச்சனா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபக்காரிக்கு அழுகை வந்தால் பார்க்கிறவர்களுக்கு இளக்காரம்.

*

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. சத்யா வாந்தி எடுத்துப் படுத்திருக்கிறாள்.

ராகுல்தான் பைக்கில் போய்த் தூக்கிவந்தான். சிரிப்பெல்லாம் போய் அவன் முகம் வெளுத்திருந்தது. அமுதவல்லி கடையிலிருந்து ஓடி வந்தாள்.

“இன்னா துன்னா?”

“நான் செஞ்ச பன்னு. வேற ஒண்ணும் துன்னல.”

அமுதவல்லிக்கு இத்தனை நாள் அடக்கி வைத்தது இந்த ஒரு வாக்கியத்தில் திறந்துகொண்டது. “மூணு வாரமா என் மாவு, என் மாவுனு கரிச்சுக் கொட்டினியேடி! மருந்துக் கடையில வாங்கினத எல்லாம் கொட்டிப் புள்ளைக்குக் குடுத்தியே. இப்ப யாரு மாவு? சொல்லுடி, யாரு மாவு?”

அர்ச்சனா சத்யாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஏரிக் கரைக்குப் போனாள். படகு நிழலில் பாயை விரித்து மடியில் போட்டுக்கொண்டாள். பனி விலகி, வெயில் மங்கலாகப் பரவியிருந்தது. தண்ணீரில் அலை இல்லை. முட்டியளவு ஆழத்தில், தினமும் ஏரியில் இறங்குகிற இருசம்மாள் கையால் இறால் தடவிக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். பார்க்காமலே, விரல் நுனியால், சேற்றில் எது உயிர் எது கல் என்று தெரிந்து எடுத்துக் கூடையில் போடுகிறவள். பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் நின்றுவிட்டது போல இருந்தது.

எந்த மாவு? எங்கே இருக்கிறது? அர்ச்சனாவும் தடவினாள். அரிசி கழுவியது. சல்லடை புதுசு. மிக்சி புதுசு. அடுப்பில் வேறெதுவும் வெந்ததில்லை. கேழ்வரகு பாக்கெட்டைக்கூடப் படித்துத்தான் வாங்கினாள்.

ஒரு கையால் சத்யாவின் தலையைத் தடவிக்கொண்டே மறு கையால் அம்பிகாவுக்கு எழுதினாள். ‘ரெண்டு பேர் வரோம்.’

எழுதினாள், அனுப்பவில்லை. கட்டை விரல் மேலேயே நின்றது. நைனா கொட்டகை கொடுத்தால் போக வேண்டாமே என்று ஒரு சின்ன ஆசை.

“சத்யா. காலையிலேர்ந்து வாயில போட்டது எல்லாம் சொல்லு. தண்ணி கூட.”

“பல்லு வெளக்கினேன். அப்பறம் நைனா தண்ணி. அப்பறம் உன் பன்னு. அப்பறம் ஸ்கூல்ல கொழாத் தண்ணி.”

“நைனா தண்ணி இன்னா தண்ணி?”

“வயித்து வலிக்கு. டெய்லி குடுக்குமே நைனா, கொட்டாயில வச்சி. காலைல ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர். காரமா, நாத்தமா இருக்கும்.”

நிழல் ஒன்று பாயின் மேல் விழுந்தது. தேசப்பன் நின்றிருந்தார். கையில் ஆவி பறக்கும் டம்ளர். பெரிய உடம்புக்காரர், சூடு சிந்தாமல் இருக்கக் குழந்தை போல அடி அடியாக நடந்து வந்திருந்தார்.

“எழுப்பு. பெருங்காயத் தண்ணி. குடிச்சா சட்டுனு கேக்கும்.”

அர்ச்சனா டம்ளரை வாங்கவில்லை. “டப்பாவை எடுத்துனு வா நைனா.”

“குடிக்கட்டும் மொதல்ல...”

“டப்பா!”

அந்தக் குரலுக்கு இருசம்மாள்கூட நிமிர்ந்து பார்த்தாள். தேசப்பன் டம்ளரைப் படகு விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். கொட்டகைக்குள்ளிருந்து மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்தார். “நீதான பொன்னேரிலேர்ந்து வாங்கினு வந்த? தண்ணிக்குப் போறப்ப வாயுவுக்கு ஆவும்னு எனக்குத்தான் குடுத்த. வெரலு நுனியளவு போட்டாலே மணக்குது.”

ஆமாம். அவள்தான் வாங்கிவந்தாள். நைனா மேல் உள்ள பாசத்தில், கேட்காமலே.

டப்பாவைத் திருப்பினாள். அடியில் எறும்பு வரிசையாகப் பொடி எழுத்து. கட்டிப் பெருங்காயத்தை அப்படியே பொடித்தால் காரம் தாங்காது, மாவு கலந்துதான் விற்பார்கள். என்ன மாவு? முதல் சொல்லே அதுதான். கோதுமை மாவு. பெருங்காயம் கடைசியில் வந்தது.

அவள் நுழையக் கூடாத இடத்தில்தான் அது இருந்தது. சமையல்கட்டை, கடையை, மில்லை, அம்மாவின் இமையை எல்லாம் சந்தேகப்பட்டவள், மைதா படாத ஒரே இடம் என்று ஏங்கிய அந்தக் கொட்டகைக்குள் ஒரு முறை காலெடுத்து வைத்திருந்தால் முதல் வாரமே படித்திருப்பாள்.

“இதுல கோதுமை கீது நைனா.”

அவர் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர் வேறு எப்படிப் பார்ப்பார்? மறுபடி மோந்தார்.

“பெருங்காயம்தான வருது.”

“கலந்து வச்சிருக்காங்க.”

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு கேட்டார்: “நான் குடுத்ததாலதான் வலி போவலியா?”

வலி வந்தால் தண்ணீர், தண்ணீரால் வலி. மூன்று வாரம், காலையும் மாலையும். அர்ச்சனா எதையும் பட்டென்று போட்டு உடைக்கிறவள். முதல் முறையாக ஓர் உண்மையை மென்று விழுங்கினாள்.

“வாங்கினு வந்தது நானு, நைனா. எனக்குத்தான் படிக்கத் தெரியும்.”

தேசப்பன் டம்ளரை எடுத்து மணலில் கவிழ்த்தார். ஈரம் உடனே உள்ளே போய்விட்டது.

*

மூன்று மணிக்குச் சத்யா எழுந்து கஞ்சி கேட்டாள். முகம் தெளிந்திருந்தது. கடைப் பக்கம் அம்மா மாவை அடிக்கும் சத்தம் தொடங்கியிருந்தது. பரோட்டாவுக்குச் சாயங்காலம்தான் கூட்டம்.

தேசப்பன் வந்து அர்ச்சனாவின் முன்னால் நின்றார். மடியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தார். துருவேறிய நீளச் சாவி. அதை அவர் யார் கையிலும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

“எடுத்துக்க.”

கையில் விழுந்தபோது சாவி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. ஒரு நொடி எல்லாம் மிதந்தது. மனதுக்குள் அவள் அங்கே வெள்ளையடித்தாள், மேஜை போட்டாள், வரிசையாகப் பன்களை ஆற வைத்தாள். சத்யா கன்னம் உப்பி, வாசலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஏரிக் காற்று நேராக உள்ளே வந்தது.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் தேசப்பன். குரல் தணிந்தது. “மாசத்துல அந்த மூணு நாளு மட்டும் உள்ள போவாத. வலை ஒரு ஓரமாத்தான் கெடக்கும். ராகுல் தண்ணிக்குப் போறவன். எதனா ஒண்ணு ஆச்சுன்னா...”

அவர் மிரட்டவில்லை. பயந்தார். மகனைத் தண்ணீருக்கு அனுப்புகிற தகப்பனின் பயம். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் கசந்தது.

“அந்த மூணு நாளு சத்யா இன்னா துன்னும் நைனா?”

“அம்மா எதனா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கடையிலிருந்து மாவு அடிக்கும் சத்தம் பொத் பொத் என்று வந்துகொண்டிருந்தது.

“மாசத்துக்கு மூணு நாளு போதும் நைனா அவ கொடலு கிழியறதுக்கு. நீ பாசத்துல குடுப்ப. அம்மா பாசத்துல ஊட்டும். அண்ணன் பாவம்னு ஒரு பிஸ்கட்டு ஒடைப்பான். யாரைனு நான் திட்டுவேன்?”

சாவியை அவர் கையிலேயே வைத்தாள். வீசவில்லை. வைத்துவிட்டு அவர் விரல்களை மடக்கினாள்.

பிறகு போனை எடுத்து, கரையில் நின்றுபோன கட்டை விரலை அழுத்தினாள். செய்தி போயிற்று.

*

ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அடுப்புப் பெட்டியைப் பழைய புடவையில் மூட்டை கட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தோளில் துணிப் பை. சத்யா இரண்டு கையாலும் அரிசி மாவு டின்னைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

“லீவுக்கா, அக்கா?”

“லீவுக்கும். லீவு முடிஞ்சும்.”

“அங்க ஏரி இருக்குமா?”

“இருக்காது. ஸ்டேசன் இருக்கும். ரயில் பாக்கலாம்.”

சத்யா யோசித்துத் தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்பது போல.

வெளியே போகக் கடை வழியாகத்தான் போக வேண்டும். கல்லில் எண்ணெய் புகைந்தது. அமுதவல்லி முழங்கை வரை மாவாக நிமிர்ந்தாள். மூட்டையைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள். ராகுல் மூலம் விஷயம் ஏற்கனவே வந்திருக்க வேண்டும், ஏன் என்று கேட்கவில்லை.

“காலைல உன்னைப் பேசிட்டேன்,” என்றாள்.

“நான் மூணு வாரமா உன்னைப் பேசினேன்மா. சரியாப் போச்சு.”

“இங்கயே இருந்தா ஆவாதா?”

“நீ கடைய மூடுவியா?”

அமுதவல்லி அடுப்பைப் பார்த்தாள். கடையை மூடினால் பாடு இல்லாத நாளில் எரிவது எந்த அடுப்பு? அதற்கும் அர்ச்சனாவுக்குப் பதில் தெரியும். அதனால்தான் அவள் மூடச் சொல்லவில்லை, கேட்க மட்டும் செய்தாள்.

சத்யா டின்னோடு அம்மாவை நோக்கி இரண்டடி ஓடினாள். அமுதவல்லி அவளை வாரிக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்தாள். வெள்ளை, விரலிடுக்கு எல்லாம் வெள்ளை.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

அப்படியே குனிந்து, கை படாமல், உச்சந்தலையில் முகத்தை வைத்து மோந்தாள். “போய்ட்டு வா. அக்கா குடுக்கிறத மட்டும் துன்னு,” என்றாள்.

அர்ச்சனா நடந்தாள். நின்றால் முடியாது.

சாலையில் ஈர மணல் வாடை. இடது பக்கம் ஏரி, மாலை வெளிச்சத்தில் காய்ந்த ரொட்டி மேல்தோல் போலப் பழுப்பேறிக் கிடந்தது. பூநாரைகள் இப்போது தரையில் காலூன்றி நின்றிருந்தன. பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது.

பின்னால் ஒரு கதவு கிரீச்சென்று திறந்தது. அதற்கப்புறம் கனமான எதுவோ மண்ணில் இழுபடும் சத்தம், திரும்பத் திரும்ப.

சத்யா தலையைத் திருப்பினாள்.

“அர்ச்சனாக்கா, நைனா கொட்டாயிலேர்ந்து வலையெல்லாம் இழுத்து இழுத்து வெளியில போடுது. ராகுல் அண்ணன் வேணாம் வேணாம்னு புடிக்குது.”

அர்ச்சனாவின் இடுப்பில் மூட்டை ஒரு தரம் நழுவியது. ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“டின்னை சாய்க்காத,” என்றாள். “மூடி லூசு.”

பஸ் நின்றது. ஏறினாள்.